நடுங்காத தொலைநோக்கி: பழையதும் புதியதும்

இருகண் தொலைநோக்கியால் பறவையொன்றைப் பார்க்கும்போது அது நிலைகொள்ளாது ஆடுவதைக் கண்டிருப்பீர்கள். ஆடுவது பறவையன்று, நம் கையே. பத்து மடங்கு பெருக்கும் கருவி, கையின் நடுக்கத்தையும் பத்து மடங்காக்கிவிடுகின்றது.

இக்குறையை நீக்க, ஜேர்மனியின் சைஸ் நிறுவனம் 1990 அளவில் மின்கலமின்றிப் பொறிமுறையாலேயே இயங்கும் கருவியொன்றை வெளியிட்டது. பெருக்கம் இருபது மடங்கு. எடையோ ஒன்றரைக் கிலோவுக்கும் மேல்! யப்பானின் கனன் நிறுவனம் 1995இல் வேறு வழி கண்டது. இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே திரவம் நிரப்பிய அரியம் அது. கை நடுங்கியதும் உணரிகள் அதனை அறியும், தகடுகள் சரியும், ஒளி அதற்கேற்ப வளைந்து விம்பம் நிலைக்கும்.

2017இல் வந்த 10x32 கருவியில் அரியத்துக்குப் பதிலாக வில்லையே அசைந்து நடுக்கத்தை ஈடுசெய்கின்றது. ஓரிடத்தையே உற்றுப் பார்ப்பதற்கெனத் தனிப் பொத்தானும் உண்டு. நிலைப்பில் இதுவே மேலானது என்பேன்.

ஆயினும் புதியதெல்லாம் சிறந்ததெனக் கொள்ளற்க. வில்லையின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். புதியதில் அது 3.2 மில்லிமீற்றர், 2005ஆம் ஆண்டின் 10x42 கருவியில் 4.2. அந்தி வேளையில் இவ்வேறுபாடு நன்கு தெரியும். பழையது நீர்புகாதது, புதியது அத்தகையதன்று. பழையதற்குரிய மின்கலம் சிற்றூர்க் கடையிலும் அகப்படும். புதியதற்குரியதைத் தேடித்தான் வாங்க வேண்டும். பழையதன் சுமை மட்டும் ஒரு கிலோவைக் கடக்கும். கழுத்து அதனை அறியும். மின்கலம் தீர்ந்தால் இவ்விரண்டும் சாதாரணத் தொலைநோக்கிகளாகவே பயன்படும்.