ஆயிரம் திறப்புகள், ஒரு பூட்டு: புற்றுநோய்க்கு மருந்து தேடப்படுவது எப்படி?

“இந்த இலையை அவிச்சுக் குடிச்சா புற்றுநோய் சுகமாகுமாம், வெளிநாட்டில ஆராய்ச்சி செஞ்சு கண்டுபுடிச்சிருக்காங்களாம்” என்ற செய்தி கைத்தொலைபேசியில் வராத வீடு இன்று நம்மிடையே அரிது. அந்த ஆராய்ச்சி உண்மையாகவே நடந்திருக்கலாம். ஆய்வுகூடத் தட்டொன்றில் இலைச்சாறு புற்றுநோய்க் கலங்களைக் கொன்றிருக்கலாம். ஆனால் உப்பை அள்ளிக் கொட்டினாலும் அந்தக் கலங்கள் சாகத்தான் செய்யும். நோயுற்ற கலத்தை அழித்து நல்ல கலத்தை விட்டுவைப்பதுதான் கஷ்டமான காரியம். மருந்துத் தேடலின் பாடு முழுவதும் அதில்தான் இருக்கிறது.

அஸ்பிரின், பரசிற்றமோல் போன்றவை சிறுமூலக்கூறுகள். இவ்வகை மருந்துகளின் மூலக்கூற்று நிறை பெரும்பாலும் 500 டால்டனுக்குள் அடங்கும். அதனால் குளிசையாக விழுங்கலாம். குருதியில் கலந்து கலத்தின் உள்ளேயும் போகும். ஊசி மூலம் ஏற்றப்படும் பிறபொருளெதிரி மருந்துகளோ ஏறத்தாழ 150,000 டால்டன் நிறையுடையவை.

தேடல் பூட்டிலிருந்து தொடங்குகிறது. நோயை நடத்தும் புரதம்தான் பூட்டு. அதற்குப் பொருந்தும் திறப்பைத் தேடி, சேமிப்பிலுள்ள ஆயிரக்கணக்கான, சில வேளை இலட்சக்கணக்கான சேர்மங்களைப் பரீட்சித்துப் பார்க்கிறார்கள். உள்ளங்கையளவு பிளாஸ்டிக் தட்டில் 384 அல்லது 1,536 குழிகள் இருக்கும். குழிக்கு ஒரு சேர்மமாக இயந்திரக் கைகள் துளியிட, கருவி விளைவை அளக்கிறது. மிகப் பெரும்பாலான குழிகளில் ஒன்றுமே நடக்காது. நடந்த சிலவற்றிலும் போலிகள் உண்டு. எல்லாப் புரதத்திலும் ஒட்டிக்கொள்பவை, தாமாகவே ஒளிர்ந்து கருவியை ஏமாற்றுபவை என்று அவற்றைக் கழித்தால் மிஞ்சுவது சொற்பம். மிஞ்சியதும் இன்னும் மருந்தல்ல.

இமட்டினிப் என்ற மருந்தின் கதை இதை நன்றாக விளக்கும். 1960இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நொவெல், ஹங்கர்போர்ட் ஆகிய இருவரும் ஒருவகை நாட்பட்ட குருதிப் புற்றுநோயாளரிடம் வழமைக்கு மாறான சிறிய நிறமூர்த்தம் ஒன்றைக் கண்டார்கள். 9ஆம், 22ஆம் நிறமூர்த்தங்கள் துண்டுகளை மாற்றிக்கொண்டதால் அது உருவாகிறது என்பதை 1973இல் ஜெனட் ரௌலி காட்டினார். அந்த இணைப்பில் பிறக்கும் நொதியம் ஓய்வின்றி வேலைசெய்து வெண்குருதிக் கலங்களைப் பெருகச் செய்கிறது. பூட்டு கிடைத்துவிட்டது.

சுவிட்சர்லாந்தின் சீபா-கைகி கம்பனியில் தொடக்கச் சேர்மம் கிடைத்தது வேறொரு நொதியத்துக்கான தேடலில்தான். அது பலவீனமானது, பல நொதியங்களையும் தொட்டது. இரசாயனவியலாளர் யூர்க் சிம்மர்மானும் நிக்கலஸ் லைடனின் குழுவினரும் அதைத் துண்டு துண்டாக மாற்றியமைத்தார்கள். ஒரு காபனும் மூன்று ஐதரசனும் கொண்ட சின்னக் கூட்டமொன்றை உரிய இடத்தில் சேர்த்ததும், வேண்டாத பழைய நொதியத்தை அது விட்டுவிட்டது. வேறொரு கூட்டத்தைச் சேர்த்ததும் நீரில் நன்றாகக் கரைந்தது, குளிசையாகக் கொடுக்கக்கூடியதாயிற்று.

1996இல் பிரயன் ட்ரக்கரும் லைடனும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், இந்தச் சேர்மம் நோய்க்கலங்களை ஒடுக்கி நல்ல கலங்களைப் பெரிதும் விட்டுவைத்தது. 1998இல் மனிதரில் பரிசோதனை தொடங்கியது. நாளொன்றுக்கு 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ பெற்ற 54 நோயாளரில் 53 பேரின் குருதிக் கல எண்ணிக்கை வழமைக்குத் திரும்பியது. 2001 மே மாதம் அமெரிக்கா அனுமதி வழங்கியது. எனினும் சிலரில் அந்தப் புரதம் மாறி, பூட்டின் துவாரமே உருமாறிவிடுகிறது. அவர்களுக்காகப் புதிய திறப்புகள் செய்ய வேண்டியதாயிற்று.

அப்படியானால் மூலிகைகள் வீணா? இல்லை. நம் முற்றத்துப் பட்டிப்பூச் செடியிலிருந்துதான் வின்கிறிஸ்டின் பிரித்தெடுக்கப்பட்டது. சிறுவர்களின் குருதிப் புற்றுநோய்க்கு இன்றும் அது கொடுக்கப்படுகிறது. ஆனால் இலையில் அது இருப்பது மிக மிகச் சிறிதளவே. கூடவே வேறு நச்சுப் பொருட்களும் உண்டு. வைத்தியசாலையில் அளவு பார்த்து நாளத்தில் ஏற்றும் மருந்தும் வீட்டில் அவித்த கசாயமும் ஒன்றாகிவிடாது.

அடுத்த முறை அப்படியொரு செய்தி வந்தால் மூன்று கேள்விகள் கேட்போம். தட்டில் நடந்ததா, எலியில் நடந்ததா, மனிதரில் நடந்ததா? நல்ல கலங்களுக்கு என்ன ஆயிற்று? எவ்வளவு கொடுத்தார்கள்? விடை தெரியாமல் சிகிச்சையை நிறுத்தி இலையை நம்பும் நோயாளர் இழப்பது நாட்களை. ஆரம்பத்தில் வெட்டியெடுக்கக்கூடிய கட்டி அந்த நாட்களில்தான் பரவுகிறது.