சிறுதொழிலும் வட்டியில்லா முதலும்

வட்டியில்லாப் பொருளியல் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் துபாய், கோலாலம்பூர் வங்கிகளிலிருந்து தொடங்குவர். நாம் சங்கரன்கோவிலை அடுத்த கரிசல் பூமியான திருவேங்கடத்திலிருந்து தொடங்க வேண்டியுள்ளது.

ஊரார் ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என வழங்கும் சிறு தொழிற்கூடம் ஒன்றை நடத்தும் சகோதரர், ஒரு ஜும்ஆவுக்குப் பின் நம்மிடம் வந்தார். தண்டல்காரரிடம் 9,000 ரூபாய் வாங்கி, நாளொன்றுக்கு 100 ரூபாயாக நூறு நாட்களில் 10,000 ரூபாய் கட்டிவருகிறார். ஆயிரம் ரூபாய்தானே எனத் தோன்றும். முதல் அன்றாடம் குறைந்துகொண்டே வருவதைக் கருதினால், ஆண்டு வட்டி 80 விழுக்காட்டை நெருங்குகிறது. “குச்சிக்கும் மெழுகுக்கும் ரொக்கம் கேட்கிறார்கள். வடக்கே போன சரக்குக்குப் பணம் வர மாதக்கணக்காகிறது. வட்டி ஹராம் என்று மிம்பரில் சொல்கிறீர்கள் ஹஜ்ரத், ஹலாலான முதல் எங்கே கிடைக்கும் என்று சொல்வதில்லையே!” என்றார். நியாயமான கேள்வி.

வங்கிகளின் பக்கம் இப்போதைக்கு வழி தெரியவில்லை. ரகுராம் ராஜன் தலைமையிலான குழு 2008இல் வட்டியில்லா வங்கிச் சேவைக்குப் பரிந்துரைத்தது. ரிசர்வ் வங்கியோ அதனை மேற்கொண்டு தொடர்வதில்லை என முடிவு செய்த செய்தி 2017இல் வெளியாயிற்று. 2015இல் வந்த முத்ரா திட்டம் தண்டலைவிட எவ்வளவோ மலிவு. ஆயினும் அதுவும் வட்டிக் கடனே. அண்டை நாடான இலங்கையில் 2005இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு, 2011இல் அமானா வங்கி செயல்படத் தொடங்கியது.

எனினும் ஃபிக்ஹு நூல்கள் பேசும் வணிக ஒப்பந்தங்கள், வங்கிகள் தோன்றுவதற்கு முன்பே கடைத்தெருவில் வழங்கியவை. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களே கூஃாவின் துணி வணிகர்களுள் ஒருவர். நம் சகோதரருக்கு வேண்டியது குச்சியும் மெழுகும்தான். வசதியுள்ள ஒருவர் அவற்றைத் தாமே வாங்கி, தம் கைவசமாக்கி, வாங்கிய விலையையும் சேர்த்த இலாபத்தையும் வெளிப்படையாகச் சொல்லித் தவணைக்கு விற்கலாம். இது முராபஹா. பொருள் சேதமுற்றால், கைமாறும் வரை நட்டம் அவருடையது. தவணை தவறினாலும் விலை ஏறாது. பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு ‘முராபஹா’ எனப் பெயர் சூட்டுவது வட்டிக்குத் தொப்பி அணிவிப்பதாகும். பண்டல்களைச் செய்து தரச் சொல்லி மொத்த வியாபாரி முன்பணம் கொடுப்பது இஸ்திஸ்னாஃ. ஹனஃபி மத்ஹபில் இதற்கு முழு விலையையும் முன்கூட்டியே கொடுத்தாக வேண்டும் என்பதில்லை.

தொழிலையே விரிவாக்க வேண்டுமெனில் முளாரபா உண்டு. அன்னை கதீஜா (ரலி) அவர்களின் முதலைக் கொண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஷாமுக்கு வணிகம் சென்றது நாம் அறிந்ததே. இலாபம் பேசிய விகிதப்படி பிரியும். நட்டம் வந்தால், உழைப்பவரின் கவனக்குறைவோ மோசடியோ இல்லாதவரை, அது முதல் போட்டவரையே சாரும். உழைத்தவர் தம் உழைப்பை இழப்பார்.

நம் செல்வந்தர் பலர் பிசகுவது இங்கேதான். “இலட்சத்துக்கு மாதம் இரண்டாயிரம் தந்துவிடு, நான் கணக்குக் கேட்கமாட்டேன்” என்பார்கள். தொகையை உறுதி செய்தவுடன் முளாரபா முறிந்து ரிபாவாகிவிடுகிறது. கணக்குக் கேட்காத பெருந்தன்மை எங்கே கொண்டுவிடும் என்பதை 2019இல் பெங்களூரில் ஐ.எம்.ஏ. நிறுவனம் சரிந்தபோது பார்த்தோம். ‘ஹலால் முதலீடு’ என நம்பிப் பணம் போட்ட ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்கள் தெருவில் நின்றன. இருவரோ மூவரோ சேர்ந்து செய்யும் கூட்டுக்கு 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டம் போதும். ஆனால் கடன்பட்டால் முதலாளியின் சொந்தச் சொத்தும் பொறுப்பாகும். அவ்வச்சம் உள்ளோர்க்கு, பொறுப்பை வரம்பிடும் எல்.எல்.பி. முறையை 2008ஆம் ஆண்டுச் சட்டம் தந்துள்ளது.

ஜமாஅத்துகள் செய்யக்கூடியது கர்ளு ஹஸன். தேவ்பந்தில் 1961இல் தோன்றிய முஸ்லிம் ஃபண்ட் நகையை ஈடாகப் பெற்று வட்டியின்றிக் கடன் கொடுத்தது. இத்தகைய நிதியை ஜகாத்திலிருந்து திரட்டுவது ஹனஃபிகளிடம் கூடாது. ஜகாத்தை ஏழைக்கே உடைமையாக்க வேண்டும், திரும்பப் பெறும் கடனாக்க இயலாது. நன்கொடையிலிருந்தே திரட்ட வேண்டும். தண்டலில் மூழ்கி மீள வழியற்றவரை விடுவிக்க ஜகாத் தாராளமாக உதவும். கடனாளி அதனைப் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினருள் ஒருவர்.

இவற்றையெல்லாம் கூறிவிட்டு, சகோதரரிடம் கணக்கு நோட்டைக் கேட்டோம். அவரிடம் நோட்டு இல்லை. திருமறையின் மிக நீண்ட வசனமே கடனை எழுதி வைப்பது பற்றியது (2:282) என நினைவூட்டினோம். முராபஹாவாக மெழுகு வாங்கித்தர ஜமாஅத்தில் ஒருவர் முன்வந்திருக்கிறார். அவரும் முதலில் கேட்டது கணக்கைத்தான். அடுத்த வெள்ளியன்று சகோதரர் ஒரு நோட்டுடன் வந்தார். குச்சி, மெழுகு, அட்டை, கூலி எல்லாம் இருந்தன. மகளின் பள்ளிக் கட்டணமும் அதே பக்கத்தில் இருந்தது. வீட்டுச் செலவைத் தனி நோட்டுக்கு மாற்றி எழுதிவரச் சொல்லி அனுப்பியிருக்கிறோம்.