தெளிந்த நீரும் கலங்கிய நீரும்

வவுனியாவிலிருந்து கண்டி வீதி வழியே தெற்கு நோக்கிச் செல்பவர் மதவாச்சியை அடைவர். மணலாற்றுக்கு அணித்தே உள்ளது பதவியா. காரணம் அறியப்படாத சிறுநீரக நோய் 1990களில் வைத்தியர்களின் கண்ணிற் பட்டது இவ்வூர்ப்புறங்களிலேதான். நோய் மாகாண எல்லையை அறியுமா? வவுனியா, முல்லைத்தீவுக் கமக்காரர் வீடுகளையும் அது வந்தடைந்தது. கிணற்று நீரின் வன்மையா, புளோரைட்டா, பயிருக்கு இடும் நஞ்சா, வெயிலில் நீரருந்தாது உழைப்பதா என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை.

சிறுநீரகம் முற்றாகச் செயலிழந்தவர் வாரத்தில் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம், குருதி சுத்திகரிக்கும் இயந்திரத்தருகே கிடக்க வேண்டும். துணுக்காயிலிருப்பவருக்கு இது வாழ்நாளைப் பேருந்திலே கழிப்பதற்கு ஒப்பாகும்.

ஆதலின், 1976இல் அமெரிக்கரான பொப்போவிச், மொன்கிரீப் என்னும் இருவர் அறிமுகம் செய்த முறை நமக்கு உரியதாகிறது. வயிற்றறையைப் போர்த்துள்ள மெல்லிய சவ்வே இங்கு வடிகட்டி. வயிற்றில் நிலையாகப் பொருத்திய குழாய் வழியே இரண்டு லீற்றர் குளுக்கோசுத் திரவம் உட்சென்று, சில மணி நேரம் தங்கி, கழிவை ஏந்தி வெளியேறும். பெரும்பாலும் நாளுக்கு நான்கு முறை. ஒரு பை மேலே தொங்கும், மற்றது தரையிற் கிடக்கும், மின்சாரமே வேண்டா.

ஆனால் தாதி செய்யும் பணியை இங்கு மனைவியோ மகளோ செய்கிறாள். ஆபத்து இருப்பது குழாயை இணைக்கும் அந்த ஒரு கணத்தில். கதவையும் சன்னலையும் அடைத்து, மின்விசிறியை நிறுத்தி, முகக்கவசம் அணிந்து, கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, நன்கு உலர்த்திய பின்னரே தொட வேண்டும். கோடைப் புழுதி எத்தகையதென்று வன்னியாருக்குச் சொல்ல வேண்டுமோ! திறந்த முனையில் விரல் பட்டுவிட்டால், "ஒன்றும் ஆகாது" என்று தொடரலாகாது. உடலுக்கு அணித்தான அடைப்பானை மூடிவிட்டு, உடனே சிகிச்சைப் பிரிவுக்கு அறிவித்தல் வேண்டும். வெட்கப்பட்டு மறைப்பதே பெருங்கேடு.

வெளிவந்த பையை அச்செழுத்தின்மேல் வைத்துப் பார்க்கலாம்; இப்பத்திரிகைத் தாளே அதற்குப் போதும். எழுத்து தெளிவாகத் தெரியாவிடின், நீர் கலங்கிவிட்டது. வயிற்றுவலியோ காய்ச்சலோ இல்லாதிருப்பினும் அது தொற்றின் அறிகுறியாகலாம். விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது. அந்தப் பையைக் கொட்டிவிடாது உடன் எடுத்துச் செல்ல வேண்டும். சோதனைக்கு அதுவே சான்று. வீட்டில் மிஞ்சியிருக்கும் மாத்திரைகளை விழுங்குவது சோதனையைக் குழப்பும்.

நீர் வடிய மறுத்தால் முதலில் குழாயின் மடிப்பையும் அடைப்பானையும் பார்க்க வேண்டும். பின்பு நோயாளி புரண்டு படுக்கலாம், சற்று நடக்கலாம். பலவேளை காரணம் மலச்சிக்கலே! சிரிஞ்சால் உறிஞ்சுவதும் தள்ளுவதும் தவறு. உடல்நிறை நாடோறும் ஏறி, கால் வீங்கி, மூச்சு முட்டினால் நீர் தேங்குகிறது என்க. தலை சுற்றி நிறை இறங்கினால் நீர் மிகையாக வெளியேறுகிறது. இரண்டிலும் திரவத்தின் வலுவைத் தாமே மாற்றாது, வைத்தியரைக் கேட்பதே முறை. மூச்சு முட்டல் கடுமையாயின் 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் இலவச நோயாளர் வண்டி வரும்.

மழைக்காலம் வேறொரு கவலை. 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கிராமங்களை வெள்ளம் சூழ்ந்தது பலருக்கும் நினைவிருக்கும். நாளுக்கு நான்கெனில் மாதத்துக்கு 120 பைகள். கால் தொன் எடைக்கு அண்மித்த இச்சுமை தரையில் இருப்பின் முதல் வெள்ளத்திலேயே நனைந்துவிடும். ஆகவே கார்த்திகைக்கு முன்பே உயர்ந்த பலகைமேல் அவற்றை அடுக்கி, பாதை துண்டிக்கப்படின் என் செய்வதென்று சிகிச்சைப் பிரிவிலே கேட்டு, அந்தத் தொலைபேசி இலக்கத்தைக் கதவின் பின்புறம் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவைக்கலாம். வீட்டுப் பிள்ளைகளுக்கு அதை எழுதுவது கடினமன்று.