கரிசல் காட்டுப் படிப்பு – 7: பெயர் ஒன்று, பாடம் வேறு

அருப்புக்கோட்டையில் தறிச் சத்தம் விட்டுவிட்டுக் கேட்கும் ஒரு தெரு. திண்ணையில் இரண்டு சிலபஸ் தாள்களை விரித்து, காற்றில் பறக்காமல் இருக்க தாளுக்கொரு தார்க்குச்சியைப் பாரமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் ஒரு மாணவி. மதுரையில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் பி.சி.ஏ. முதலாண்டு முடித்தவர். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் விடுதியைக் காலி செய்துவிட்டு வந்துவிட்டார். இங்கே சேரப்போன கல்லூரி அலுவலகத்தில், "டிஸ்க்ரீட் மேத்ஸ் பேப்பரைத் திரும்ப எழுதணும்மா" என்று சொல்லிவிட்டார்கள்.

"அங்கேயும் டிஸ்க்ரீட் மேத்ஸ்தான் சார் படிச்சேன். எண்பத்தொண்ணு மார்க்" என்றார். குரல் உடைந்துவிட்டது.

கணக்கு வாத்தியாராக வாழ்நாளைக் கழித்தவன் நான். பென்சிலை வாங்கி, அலகு அலகாகக் கோடு போட்டோம். அவர் படித்தது: தர்க்கம், கணங்கள், உறவுகளும் சார்புகளும், மீள்வரு தொடர்புகள், பூலியன் இயற்கணிதம். இங்கே இருப்பது: தர்க்கம், கணங்கள், உறவுகள், மேட்ரிக்ஸ், கிராஃப் தியரி. ஐந்தில் மூன்று பொருந்துகிறது. மேட்ரிக்ஸை பிளஸ் ஒன், பிளஸ் டூவிலேயே பார்த்துவிட்டார். உண்மையில் விட்டுப்போனது கிராஃப் தியரி ஒன்றுதான்.

அதையும் முற்றிலும் புதிது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திருச்சுழிப் பக்கம் குண்டாற்றுப் படுகையில் கண்மாய்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிடக்கின்றன. மேல் கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியே மறுகால் பாய்ந்து அடுத்ததற்குப் போகும். தாளின் ஓரத்தில் கண்மாய்க்கு ஒரு புள்ளி, மறுகால் ஓடைக்கு ஓர் அம்பு என்று வரைந்து காட்டினேன். அதுதான் திசையுள்ள கிராஃப். தண்ணீர் மேட்டுக்கு ஏறாது, ஆகவே இதில் சுற்று வராது. படத்தைச் சற்று நேரம் பார்த்திருந்தவர், "இது பார்ஷியல் ஆர்டர்தானே சார்?" என்றார். ஆமாம். ஒன்றாம் கண்மாய்த் தண்ணீர் இரண்டுக்கும், இரண்டின் தண்ணீர் மூன்றுக்கும் போனால், ஒன்றின் தண்ணீர் மூன்றுக்கும் போகும். 'உறவுகள்' என்ற அலகில் அவர் படித்த அதே பாடம், இங்கே படமாக நிற்கிறது. இப்படிப்பட்ட பிள்ளையை ஒரு முழுத் தாளையும் மறுபடி எழுத வைப்பது அநியாயம்.

அலுவலகத்தில் இருப்பவரையும் குறை சொல்ல முடியாது. டிஸ்க்ரீட் மேத்ஸ் என்ற பெயருக்குள் என்ன இருக்கிறது என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. மதுரை அமெரிக்கன் கல்லூரி 1978-இலேயே தன்னாட்சி பெற்றது. அப்படிப்பட்ட கல்லூரிகள் தம் பாடத்திட்டத்தைத் தாமே வகுத்துக்கொள்கின்றன. ஒரே பல்கலைக்கழகத்தின் குடைக்கீழ் இருந்தாலும் பாடம் ஒன்றாக இராது.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு நேரடி இரண்டாமாண்டு பி.இ. சேருகிறவர்களைப் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி, கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்களுக்கு மூன்றாம் பருவத்தில் எம்.ஏ. 3354 என்ற எண்ணில் டிஸ்க்ரீட் மேத்ஸ் வருகிறது. நான்கு கிரெடிட், ஐந்து அலகு: தர்க்கமும் நிரூபணமும், சேர்வியல், கிராஃப், இயற்கணித அமைப்புகள், லாட்டிஸும் பூலியன் இயற்கணிதமும். இதில் நான்காம் அலகில் ஓரிரு வகுப்புகளில் முடிந்துவிடும் லக்ராஞ்சே தேற்றத்தை, பி.எஸ்சி. மாணவர் குலங்களை (குரூப்) பற்றிய தனித் தாளிலேயே விரிவாகப் படித்திருப்பார். தாளின் பெயர் மட்டும் 'இயற்கணிதம்' என்றிருக்கும். பெயரைப் பார்த்து ஒப்பிட்டால் இது கண்ணில் படாது. பாலிடெக்னிக்கிலிருந்து அதே வகுப்புக்கு வரும் பிள்ளைக்கோ குலம் என்ற சொல்லே புதிது.

2023-இல் தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் பொதுப் பாடத்திட்டம் வந்தபோது, கல்லூரி மாறுகிறவர்களுக்கும், வேலைக்குப் போகும் இடத்தில் பட்டத்தின் இணைத்தன்மையை நிரூபிக்க வேண்டியவர்களுக்கும் இது உதவும் என்றார்கள். நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு பொது, மிச்சம் அந்தந்த நிறுவனத்தின் விருப்பம். தன்னாட்சிக் கல்லூரிகள் கடுமையாக எதிர்த்தன. ஆசிரியரின் சுதந்திரத்தை நான் பெரிதாக மதிக்கிறேன், அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த வாதம் நடந்த நாட்களில், ஊர் மாறும் பிள்ளையின் பக்கம் நின்று பேசியவர்கள் குறைவு.

பாடத்தை ஒன்றாக்காமலே இதைத் தீர்க்க வழி இருக்கிறது. கலிபோர்னியாவில் சமுதாயக் கல்லூரியில் இரண்டாண்டு படித்துவிட்டு அரசுப் பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறவர்கள் ஏராளம். எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் எதற்கு ஈடு என்று 'அசிஸ்ட்' என்ற பொதுப் பட்டியலில் சேருவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளலாம். நம் நாட்டில் 2021-இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த கிரெடிட் வங்கி, மாணவர் ஈட்டிய கிரெடிட்டைக் கணக்கில் வைத்துக்கொள்கிறது. ஆனால் அந்தக் கிரெடிட்டுக்குள் கிராஃப் தியரி இருந்ததா என்பதைப் புதிய கல்லூரியில் ஒரு மனிதர் உட்கார்ந்து படித்துத்தான் சொல்ல வேண்டும்.

துறைத்தலைவர்களே, தாளின் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள், அலகுகளையும் படித்துப் பாருங்கள். பொருந்தாத ஓர் அலகுக்கு ஒரு தனித் தேர்வு வைத்தால் போதும்.

மாணவர்களே, டி.சி. கேட்கும் அன்றைக்கே, நீங்கள் சேர்ந்த ஆண்டின் சிலபஸ் நகலையும் துறை முத்திரையோடு கேட்டு வாங்குங்கள். அலகும் மணி நேரமும் அதில் இருக்க வேண்டும். பருவத் தேர்வு வினாத்தாள்களையும் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாமல் பத்திரப்படுத்துங்கள்.

(தொடரும்)