ஸர்டிபிகேட் வாங்கினால் வேலை கிடைக்குமா?

எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பெண்ணை ஒரு காலத்தில் முதல் வேலையாக டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில்தான் சேர்ப்பார்கள். லோயர், ஹயர் இரண்டும் பாஸ் செய்து, கூடவே ஷார்ட்ஹேண்டும் கற்றுக்கொண்டுவிட்டால், "இனி இவள் பிழைத்துக்கொள்வாள்" என்று பெற்றவர்களுக்கு ஒரு நிம்மதி. அந்த இடத்தை இன்று கம்ப்யூட்டர் பிடித்துக்கொண்டுவிட்டது. டைப்ரைட்டிங் பரீட்சை நடத்துகிற நம் அரசின் தொழில்நுட்பக் கல்வி இயக்ககமே இப்போது 'ஆபீஸ் ஆட்டோமேஷன்' என்ற கம்ப்யூட்டர் பரீட்சையையும் நடத்துகிறது என்றால் பாருங்களேன்!

ஆனால் ஒரு வித்தியாசம். டைப்ரைட்டிங்குக்கு இருந்தது ஒரே பாதை. இதற்கோ ஆயிரம் பாதைகள். "மூன்றே மாதத்தில் ஐ.டி. வேலை" என்று தெருவுக்குத் தெரு போர்டு தொங்குகிறது. எதை நம்புவது, எதற்குப் பணம் கட்டுவது? மகளுக்காகவோ மருமகளுக்காகவோ, ஏன், நமக்காகவோகூட விசாரிக்கும்போது தெரிந்திருக்க வேண்டிய விஷயங்களைக் கீழே சொல்லியிருக்கிறேன்.

முதலில் எந்த வேலை?

"கம்ப்யூட்டர் படிக்கிறேன்" என்பது "சமையல் கற்றுக்கொள்கிறேன்" என்பதைப் போல. கல்யாணச் சமையலா, பட்சணமா, பத்தியச் சாப்பாடா? ஐ.டி.யிலும் அப்படித்தான். புரோகிராம் எழுதுகிறவர் ஒருவர். அது சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கும் டெஸ்டர் இன்னொருவர். கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைத்துப் பராமரிப்பவர் நெட்வொர்க்காரர். பழுது என்றால் ஓடிவந்து பார்ப்பவர் சப்போர்ட். வெகுதொலைவில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டர்களை வாடகைக்கு எடுத்து நிர்வகிப்பது கிளவுட். எந்த வேலை என்று தீர்மானித்த பிறகுதான் எந்த ஸர்டிபிகேட் என்று யோசிக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

எதற்கு எந்தப் பரீட்சை?

டெஸ்டிங்குக்கு உலகம் முழுவதும் ஒத்துக்கொள்ளும் ஆரம்பப் பரீட்சை ஐ.எஸ்.டி.க்யூ.பி. ஃபவுண்டேஷன். 40 கேள்விகள், 60 நிமிஷம், 26 சரியாக இருந்தால் பாஸ். ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்களுக்குக் கூடுதலாக 15 நிமிஷம் கேட்டு வாங்கலாம். ஒருமுறை பாஸ் செய்தால் ஆயுளுக்கும் செல்லும். எதையும் நுணுக்கமாகப் பார்க்கும் சுபாவம் உள்ள பெண்களுக்கு ஏற்ற துறை.

சப்போர்ட் வேலைக்கு காம்ப்டியா ஏ பிளஸ். இதில் இரண்டு பரீட்சைகள், ஒவ்வொன்றும் 90 நிமிஷம். நெட்வொர்க்குக்கு சிஸ்கோ கம்பெனியின் சி.சி.என்.ஏ., 120 நிமிஷம். இவை இரண்டும் மூன்று வருஷம்தான் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். கிளவுடுக்கு அமேசானின் கிளவுட் பிராக்டிஷனர்: 65 கேள்விகள், 90 நிமிஷம், கட்டணம் 100 அமெரிக்க டாலர். இதற்கும் மூன்று வருஷக் கணக்குத்தான். மைக்ரோசாஃப்டின் அஷ்யூர் ஃபண்டமென்டல்ஸ் என்ற ஆரம்பப் பரீட்சைக்கு மட்டும் காலாவதி கிடையாது.

மத்திய அரசின் நீலிட் நிறுவனம் 'ஓ' லெவல், 'ஏ' லெவல் என்று படிப்படியாகப் பரீட்சை நடத்துகிறது. 'டோயாக்' என்ற பழைய பெயரைச் சொன்னால் சிலருக்கு ஞாபகம் வரும்.

இன்னும் பெரிதாக ஆசைப்படுகிறவர்களுக்கு, சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் ஆரம்பித்த டேட்டா சயன்ஸ் பட்டப்படிப்பு இருக்கிறது. ஜே.இ.இ. தேவையில்லை, வயது வரம்பும் இல்லை. பிளஸ் டூ தேறியிருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும். நாலு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் சேர்ந்துகொள்ளலாம். நாலு வருஷம் முடிக்க முடியாவிட்டாலும் ஃபவுண்டேஷன் ஸர்டிபிகேட், டிப்ளமா என்று படித்தவரைக்கும் கையில் ஏதாவது நிற்கும். குடும்பம் நடத்திக்கொண்டே படிப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சௌகரியம்!

செலவில்லாமல் படிக்க முடியாதா?

தாராளமாக முடியும். ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய என்.பி.டெல். பாடங்களை இன்டர்நெட்டில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். 4, 8, 12 வாரப் பாடங்கள். வாராவாரம் வீட்டுப் பாடம் உண்டு. ஸர்டிபிகேட் வேண்டும் என்கிறவர்கள் மட்டும் 1000 ரூபாய் கட்டி, பரீட்சை மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். வீட்டுப் பாடத்துக்கு 25 மார்க், பரீட்சைக்கு 75.

"எனக்கு இங்கிலீஷில் கேட்டால் தலை சுற்றுகிறதே" என்பவர்களுக்குப் பம்பாய் ஐ.ஐ.டி.யின் 'ஸ்போகன் டுடோரியல்' ஒரு வரப்பிரசாதம். பத்துப் பத்து நிமிஷப் பாடங்கள், பலவும் தமிழிலேயே இருக்கின்றன. பாலைச் சிம்மில் வைத்துவிட்டு வந்து ஒரு பாடம் முடித்துவிடலாம். பார்ப்பதோடு நிற்காமல், பக்கத்திலேயே கம்ப்யூட்டரில் செய்தும் பார்க்க வேண்டும்.

நெட்வொர்க் படிப்பவர்களுக்கு சிஸ்கோவே 'பாக்கெட் டிரேஸர்' என்ற பயிற்சி ஸாஃப்ட்வேரை இலவசமாகத் தருகிறது. மெஷின் எதுவும் வாங்காமலே வீட்டில் உட்கார்ந்து நெட்வொர்க் கட்டிப் பழகலாம். பெண் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தால், தமிழக அரசு 2022-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் அவள் கல்லூரியில் என்ன பயிற்சி நடக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

நகை அடகுக்குப் போகுமுன்...

எங்கள் தெருவில் ஒரு பெண், பி.எஸ்ஸி. தாவரவியல் படித்தவள். "நூறு சதவிகிதம் வேலை நிச்சயம்" என்று சொன்ன ஒரு பயிற்சி நிலையத்தில், அம்மாவின் இரட்டை வடச் சங்கிலியை அடகு வைத்து 65,000 ரூபாய் கட்டினார்கள். நாலு மாதத்தில் மூன்று வாத்தியார்கள் மாறினார்கள். கடைசியில் அந்த நிலையமே அச்சடித்த ஒரு ஸர்டிபிகேட்டைக் கொடுத்தார்கள். வேலை எங்கே என்று கேட்டதற்கு, "இன்டர்வியூவுக்கு அனுப்புவது மட்டும்தான் எங்கள் பொறுப்பு" என்றார்களாம்!

அவள் அழுதுகொண்டு உட்கார்ந்துவிடவில்லை. காலையில் இரண்டு மணி நேரம் டியூஷன் எடுத்தாள். ராத்திரி இரண்டு மணி நேரம் தானே டெஸ்டிங் படித்தாள். எட்டு மாதத்தில் பரீட்சையைப் பாஸ் செய்தாள். இன்று கோயம்புத்தூரில் ஒரு சின்ன கம்பெனியில் டெஸ்டர். சங்கிலி மட்டும் அவள் சம்பளத்தில்தான், இரண்டு வருஷ வட்டியோடு மீண்டது.

ஆகவே பணம் கட்டுமுன் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

1. ஸர்டிபிகேட் கொடுப்பது நீங்களா, பரீட்சை நடத்தும் நிறுவனமா? பயிற்சி நிலையம் கொடுப்பது, வகுப்புக்கு வந்தாள் என்பதற்குச் சாட்சி, அவ்வளவுதான்.

2. பரீட்சைக் கட்டணம் உங்கள் பீஸில் அடக்கமா, தனியா? தோற்றுப்போனால் மறுபடி யார் கட்டுவது?

3. நடுவில் நின்றுவிட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? எழுதித் தருவீர்களா?

4. போன வருஷம் படித்தவர்கள் இரண்டு பேரிடம் நான் பேசலாமா?

இதற்கெல்லாம் மழுப்பினால், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

"வரப்போகும் கேள்விகளையே தருகிறோம்" என்று விற்பவர்களும் உண்டு. பக்கத்திலேயே போகாதீர்கள். கண்டுபிடித்தால் ஸர்டிபிகேட்டையே ரத்து செய்துவிடுவார்கள். அப்படியே தப்பித்தாலும் இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே வெளுத்துவிடும்.

பரீட்சைக்குப் போகுமுன்

பெயர் விஷயத்தில் கவனம் வேண்டும். பரீட்சைக்குப் பதிவு செய்யும் பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். நமக்கோ ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் அப்பா பெயர், கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர்! எந்த அட்டையைக் கொண்டு போகப் போகிறீர்களோ, அதில் உள்ளபடியே பதிவு செய்யுங்கள்.

சில பரீட்சைகளை வீட்டிலிருந்தே எழுதலாம். ஆனால் அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. மேஜை மேல் காகிதம்கூடக் கூடாது. காமிரா வழியாக ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார். நடுவில் "அம்மா!" என்று குழந்தை உள்ளே ஓடிவந்தால் பரீட்சையே நின்றுபோகலாம். கைக்குழந்தைக்காரர்கள் மையத்துக்குப் போய் எழுதுவதே உத்தமம்.

நடுவில் வேலையை விட்டவர்களுக்கு

பிரசவம், குழந்தை வளர்ப்பு, மாமியார் உடல்நிலை என்று வேலையை விட்ட பெண்கள் எத்தனை பேர்! அப்படிப்பட்டவர்களுக்காகவே ஜோஹோ நிறுவனத்தின் பயிற்சிப் பள்ளி, 'மறுபடி' என்ற பெயரில் மூன்று மாதப் பயிற்சி நடத்தியிருக்கிறது. அதே பள்ளியில், 2004-லிருந்து, பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்குக் கட்டணம் வாங்காமல், உதவித் தொகையும் கொடுத்துக் கற்றுத் தருகிறார்கள்.

திரும்பி வருகிறவர்கள், இடைவெளியை மறைக்க வேண்டியதில்லை. "ஐந்து வருஷம் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டேன், கடைசி ஆறு மாதம் இதைப் படித்தேன், இதோ நான் செய்த வேலை" என்று காட்டினால் போதும். அந்த 'நான் செய்த வேலை' முக்கியம். பக்கத்து மளிகைக் கடைக்குக் கணக்கு வைக்க ஒரு சின்ன புரோகிராம் எழுதியிருந்தால்கூட அது பேசும்.

"இப்போதுதான் ஏ.ஐ. வந்து எல்லாவற்றையும் அதுவே எழுதிவிடுகிறதே, படித்து என்ன பிரயோஜனம்?" என்று கேட்கிறார்கள். மிக்ஸி வந்தது என்பதற்காக, சட்னிக்கு உப்பு சரியா என்று பார்க்க நாக்கு வேண்டாமா? மெஷின் எழுதியதில் தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க அடிப்படை தெரிந்தவர்தான் வேண்டும். வெறும் மனப்பாடக்காரர்களுக்குத்தான் சிரமம்.

சரி, தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருவோம். ஸர்டிபிகேட் மட்டும் வேலை வாங்கித் தராது. இன்டர்வியூ அறையின் கதவு வரைக்கும் அழைத்துப் போகும். உள்ளே போனால் பேசப்போவது கையில் உள்ள வேலைதான். ஆகவே சகோதரிகளே, நகைப் பெட்டியைத் திறக்குமுன் ஒரு மாதம் இலவசப் பாடத்தைப் படித்துப் பாருங்கள். அந்த ஒரு மாதம் தினமும் இரண்டு மணி நேரம் உட்கார முடிந்தால், அடுத்த மாதம் பரீட்சைக் கட்டணத்தைத் தைரியமாகக் கட்டலாம்.