புளித்த தீவனமும் பூசணம் பிடித்த மூட்டையும்

கத்திரி வெயில் தொடங்கியதும் சேக்காடு, பட்டாபிராம் பக்கத்துக் கடைகளில் கோழித் தீவன விற்பனை மந்தமாவது வழக்கம். கோழி தின்றால்தானே மூட்டை நகரும்! கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சிறைத்தே உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் தீனியைக் குறைத்துத் தண்ணீரையே நாடும். ஓயாமல் மூச்சிறைப்பதால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து முட்டை ஓடும் மெலிகிறது. கோடையில் முட்டை அட்டைகளில் உடைசல் கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதை முட்டை வியாபார அன்பர்கள் கவனிக்கவும்.

இதற்காக வீட்டில் பத்து, இருபது கோழி வளர்ப்போர் தீவனத்தைப் புளிக்க வைத்துக் கொடுக்கிறார்கள். நாம் பழைய சோறும் கம்பங்கூழும் குடிப்பதைப் போன்றதே இது. கம்பு, சோளம், அரிசிக் குருணை, கொஞ்சம் தவிடு இவற்றை மண்பானையிலோ பிளாஸ்டிக் வாளியிலோ போட்டு, மூழ்கும்படி தண்ணீர் ஊற்றி, துணியால் மூடி நிழலில் வைத்தால், நம் ஊர் வெயிலுக்கு ஒரே நாளில் புளித்துவிடும். தயிரை உறைய வைக்கும் வகை நுண்ணுயிர்கள் இதிலும் வேலை செய்கின்றன. தீனியோடு தண்ணீரும் உள்ளே போகிறது. தானியத்தில் கட்டுண்ட மணிச்சத்தும் ஓரளவு விடுபடுகிறது. கிளிஞ்சல் தூளை மட்டும் இதில் கலக்கக் கூடாது. புளிப்பை முறித்துவிடும், தனியாக வைக்க வேண்டும். காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும், உடனே தின்று தீர்க்கும் அளவே போட்டு, தொட்டியைக் கழுவிவிட வேண்டும். ஆயிரக்கணக்கில் வளர்க்கும் பண்ணைகளுக்கு இது ஒத்துவராது.

வியாபாரிகளாகிய நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. "புளிக்கத்தானே வைக்கப் போறோம், அடி மூட்டைச் சரக்கு இருந்தா மலிவாக் கொடுங்க அண்ணாச்சி" என்று கேட்டு வருகிறார்கள். கட்டி தட்டிய தவிட்டையும் பச்சை பூத்த சோளத்தையும் தள்ளிவிட நல்ல சமயம் என்று நமக்கும் தோன்றும். கூடவே கூடாது. புளிப்பு வேறு, பூசணம் வேறு. மக்காச்சோளத்திலும் கடலைப் புண்ணாக்கிலும் ஈரம் பட்டால் வளரும் ஒருவகைப் பூசணம் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கும். ஈரலைக் கெடுக்கும் அந்த நஞ்சு வேகவைத்தாலும் முற்றிலும் அழியாது. வாளியில் ஒரு நாள் புளித்தால் போய்விடும் என்று நம்புவதற்கில்லை. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. பிரேசிலிலிருந்து இறக்குமதியான கடலைப் புண்ணாக்கே காரணம் என்று ஆராய்ந்தபோதுதான் இந்த நஞ்சே கண்டறியப்பட்டது.

ஒரு மூட்டை நட்டத்தைத் தாங்கிக்கொள்ளலாம். தெருவில் பத்து வீட்டுக் கோழி செத்தால் யார் கடைத் தீவனம் என்றுதான் முதலில் கேட்பார்கள். கெட்ட சரக்கைக் கழிவு விலைக்கும் விற்காமல் அழித்துவிடுங்கள். மூட்டைகளைத் தரையில் போடாமல் மரப்பலகை மேல், சுவரை விட்டு ஓரடி தள்ளி அடுக்குங்கள். கோடை மழைக்கு முன் ஷீட் கூரையின் ஓட்டைகளை அடைத்துவிடுங்கள். லோடு கணக்கில் மக்காச்சோளம் இறக்குவோர், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலுள்ள தீவன ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பிப் பார்த்துக்கொள்ளலாம்.