குழாய்வழிக் கசிவறிதலில் ட்ரோன்: கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து

எண்ணெய்க் குழாய்வழிகளை ட்ரோன் எனப்படும் ஆளில்லா வானூர்தி கொண்டு கண்காணிக்கும் முறை இந்தியாவில் நடைமுறைக்கு வந்துவிட்டது. இந்தியன் ஆயில் நிறுவனம் மதுரா – ஜலந்தர் குழாய்வழியின் தில்லி – பானிபட் பகுதியில் ஏறத்தாழ 120 கி.மீ. தொலைவை இவ்வாறு கண்காணிக்கத் தொடங்கியது. 2021 ஆகஸ்டில் சோனிபட் பகுதியில் நிகழ்ந்த எண்ணெய்த் திருட்டு முயற்சியொன்று இதனால் முறியடிக்கப்பட்டது. ஆயினும் திருடரைக் காண்பது வேறு; கசிவைக் காண்பது வேறு. இவ்வேறுபாட்டைத் தேனி மாவட்டத்துக் குடிநீர்க் குழாய்வழி ஒன்றோடு பொருத்தி விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

புதைகுழாயை ட்ரோன் காண்பதில்லை. கசிவு நிலத்தின்மேல் விட்டுச்செல்லும் தடயத்தையே காண்கிறது. எரிவாயுவில் உள்ள மீத்தேன் குறிப்பிட்ட அலைநீளமுடைய அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சும். எனவே கீழ்நோக்கிச் செலுத்திய லேசர் ஒளி எவ்வளவு குறைந்து திரும்புகிறது என்பதைக்கொண்டு அதனை உணரலாம். எண்ணெய் கசிந்தால் மண் கறுக்கும், பயிர் வாடும். நீர் கசிந்தாலோ பயிர் செழிக்கும். ஈரமண் நண்பகலில் சுற்றுநிலத்தைவிடக் குளிர்ந்து, வெப்பப்படத்தில் தனித்துத் தெரியும்.

லோயர்கேம்பிலிருந்து மதுரைக்கு நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் முல்லைப் பெரியாற்று நீரைக் குழாய்வழி கொண்டுசெல்லும் திட்டம் அம்ருத் திட்டத்தின்கீழ் வகுக்கப்பட்டது. ஆற்றில் ஓடும் நீரைக் குழாயில் அடைத்தால் பாசனம் பாதிக்கப்படும் எனப் பள்ளத்தாக்கு உழவர்கள் அதனை எதிர்த்தனர். அந்நீரில் ஒரு விழுக்காடு கசிந்தாலே நாள்தோறும் 12.5 லட்சம் லிட்டர் இழப்பாகும். நபருக்கு 135 லிட்டர் என்னும் நகர்ப்புற அளவுகோலின்படி இது ஒன்பதாயிரம் பேருக்கு மேற்பட்டோரின் ஒருநாள் தேவை. இத்தகைய சிறு கசிவு பாய்வுமானியின் பிழை வரம்பிற்குள் மறைந்துவிடவும் கூடும். ட்ரோனின் தேவை இங்குதான் எழுகிறது.

இடர்ப்பாடும் இங்கேயே உள்ளது. பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலம் உண்டு. குழாய் நீர் நிற்கும் வயலை ஒட்டிச் செல்லுமிடத்தில் கசிவின் ஈரத்தையும் பாசன ஈரத்தையும் வெப்பப்படம் பிரித்துக் காட்டாது. தென்னந்தோப்பும் திராட்சைப் பந்தலும் நிலத்தையே மறைத்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்றின்போது சிறு ட்ரோன்களை நிலையாகப் பறக்கவிடுவதும் கடினம். முதல்போகத்திற்கு வழக்கமாக ஜூன் மாதத்தில் நீர் திறக்கப்படுகிறது. ஆகவே, வயல் காய்ந்தும் காற்று அடங்கியும் இருக்கும் ஏப்ரல், மே மாதங்களே ஆய்வுப் பறப்புக்கு ஏற்றவை என்பது கட்டுரையாளரின் கருத்து.

எஞ்சிய மாதங்களுக்கு மனிதக் கண்ணே துணை. தமிழ்நாட்டின் அண்மைக்கால எண்ணெய்க் கசிவுகள் இதற்குச் சான்று: 2017 ஜூனில் கதிராமங்கலத்தில் வயலிலும், 2023 மார்ச்சில் நாகூர் பட்டினச்சேரிக் கடற்கரையிலும் கசிவை ஊராரே முதலில் கண்டனர். கம்பம் பள்ளத்தாக்கில் வயலுக்கு நீர் பாய்ச்சுவோர் வரப்புகளில் நாள்தோறும் நடப்பவர்கள். மடை திறவாத நாளில் வயலில் ஈரம் தென்பட்டால் அது எங்கிருந்து வந்தது என்னும் ஐயம் அவர்களுக்கே முதலில் எழும். குழாய்த்தடத்தின் குறிக்கற்கள் ஒவ்வொன்றிலும் தொலைபேசி எண்ணைப் பொறித்து, அவர்கள் தரும் தகவலை ட்ரோன் படத்தோடு ஒப்பிடுவதற்குப் பெரும் செலவு ஆகாது.